ராஜா மீனும் ரப்பர் தவளையும்

பசியாறிட்டியா தம்பி? உக்காரு. ஒரு தே தாரிக் சொல்லிட்டுப் பேசுவோம். அந்தக் காடி மேல நீட்டமா ஒன்னு கட்டி வச்சிருக்கியே, அது என்னா? நேத்து ராத்திரி ஃப்ளாட்டு கீழ அதை எறக்குனதுலேருந்து சாலாக் செலாத்தான்ல ஒரே விசாரணை. மூணாவது மாடி கெழவி சவப்பெட்டின்னு நெனச்சுட்டு, யாருக்கு என்னா ஆச்சுன்னு ஓடி வருது. "ஒன்னுமில்ல, பையன் மீன் பிடிக்கப் போறான்"னேன். "மீனு அவ்ளோ பெருசா?"ன்னு கேக்குது. நான் என்னத்தச் சொல்ல?

கயாக்கா? சரி, வச்சுக்க. துடுப்பும் இருக்கு, காலுக்கு மிதியும் இருக்கு. கை ரெண்டும் தூண்டியப் பிடிக்கணும், அதனால காலு படகு ஓட்டணுமாம். நல்ல யோசனைதான், குத்தம் சொல்லல. ஆனா தூண்டி எதுக்குடா ஆறு? உனக்குத் தெரியாம ஆண்டவன் நாலு கை சேத்து வச்சிருக்கானா? முன்னால ஒரு குட்டி டிவி வேற. சத்தத்தத் தண்ணிக்குள்ள அனுப்பி, திரும்பி வர்ற எதிரொலிய வச்சு மீனு எங்க நிக்குதுன்னு படம் போட்டுக் காட்டுமாம். இருக்குற எடம் தெரிஞ்சா ஆச்சா? மீனுக்குப் பசிக்கணுமே. அதைக் காட்டுற டிவி எப்ப வருது?

சட்டையப் பாத்தா அமெரிக்காக்காரன் வெளம்பரப் பலகை. மொகத்துக்கு முக்காடு, கையில வெரலில்லாத உறை, தொப்பிக்கு மேல கண்ணாடி. மொத்தம் எத்தன ஆயிரம் வெள்ளின்னு எங்கிட்டச் சொல்லாத. உங்க அம்மாகிட்டயும் சொல்லாத. சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு எங்க ஆளுங்க சொல்வாங்க. உன் கதையில சுண்டைக்காயே வரலியே. சாயங்காலம் வந்து "கும்பாவ் தாத்தா"ங்கிற. வெறுங்கையோட வந்ததுக்கு அப்படி ஒரு பேரு. பேரு வச்சா கை நெறஞ்சிடுமா?

நாங்க கித்தாத் தோட்டத்துல ஒரு மூங்கிக் குச்சி, ஒரு மொழம் நைலான், எருக்குழியில நோண்டுன நாங்கூழு, இதோட போவோம். பால் வெட்டு முடிஞ்சு, வாளியக் கழுவி வச்சுட்டுப் போனா பொழுது சாய்றதுக்குள்ள கொழம்புக்கு ஆயிரும். தூண்டில்காரனுக்கு மிதப்பு மேல கண்ணும்பாங்க. உனக்கு டெலிபோன் மேல கண்ணு. மிதப்பு முங்குனாக்கூட, மொதல்ல படம் பிடிக்கத் தோதா உக்காந்துக்கிட்டு அப்புறம்தான் இழுக்குற. நான் பாத்தேன்.

ஒன்னு மட்டும் கேலி பண்ண மாட்டேன். அந்த மிதவைச் சட்டை. அதைக் கயாக்கு இருக்கையில கட்டித் தொங்கவுடாம, ஒடம்புல மாட்டி, வாரு போட்டு இறுக்கு. ஏன்னு கேளு. இந்தப் பக்கத்துக் குளமெல்லாம் சாமி வெட்டுன குளம்னு நெனச்சியா? பூராவும் ஈய லம்பம். சுங்கை பெசி மைன்ஸ், பண்டார் சன்வே, கெலானா ஜெயா, பூச்சோங், எங்க தண்ணி தேங்கிக் கெடந்தாலும் அங்க ஒரு காலத்துல ஈயம் எடுத்திருப்பான். பெரிய குழாயில தண்ணியப் பீச்சியடிச்சு மண்ணுச் சுவர ஒடைச்சு, சேத்தோட மேல இறைச்சு, பலகை வாய்க்கால்ல ஓடவுட்டு ஈயத்தை அரிச்சு எடுப்பான். 1985ல ஒலகச் சந்தையில ஈயம் வெலை தலைகுப்புற விழுந்துச்சு. லம்பம் ஒன்னொன்னா மூடிட்டுப் போயிட்டான். குழிய யாரு மூடுறது? மழை மூடுச்சு.

அதனால கரை ஓரம் மொழங்காலளவு இருக்கும், அடுத்த எட்டு வச்சா கால் எட்டாது. சில எடத்துல அடியில சேறு காலைப் பிடிச்சா வுடாது. ஆழம் தெரியாமக் காலை வுடாதன்னு நம்ம ஆளு சும்மா சொன்னான்? நல்லா நீச்சல் தெரியும்னு பீத்திக்கிட்ட பயலுங்களைக் கரையில துணி போத்திப் படுக்க வச்சிருந்ததையும் பாத்தாச்சு. மாட்டிக்க.

இப்ப விசயத்துக்கு வருவோம். போன மாசம் ஒரு படம் காட்டுனியே, மஞ்சளா, கறுப்பு வரி போட்டு, வாலுல கண்ணு வரைஞ்ச மாதிரி ஒரு மீனு. பீகாக் பாஸு. இங்க ராஜா மீனும்பாங்க. அழகுதான், இல்லைங்கல. அதைத் தூக்கிப் பிடிச்சு, நெத்தியில முத்தம் குடுத்து, "போய்ட்டு வா ராஜா"ன்னு தண்ணியில வுட்டியாம். வுட்டுட்டுக் கரையில நின்ன ஒரு பெரியவருக்கு உபதேசம் வேற. "அங்கிள், நீங்க ரெண்டு ஹாருவானை வீட்டுக்குக் கொண்டு போறது ஸ்போர்ட் இல்ல, எத்திக்ஸ் இல்ல"ன்னு. அவரு மக புள்ள பெத்துப் படுத்திருக்கா. ஹாருவான்தான் நம்ம விராலு, பச்ச ஒடம்புக்கு அதுல சூப்பு வச்சுக் குடுக்கணும்னு காலையிலேருந்து வெயில்ல நிக்கிறாரு. அந்த மனுசனுக்கு நீ நியாயம் சொல்லிக் குடுத்திருக்க. படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயிலு.

ஏன் அப்படிச் சொல்றேன்னா, நீ முத்தம் குடுத்து வுட்ட ராஜா இந்த ஊரு ராஜா இல்ல. தென் அமெரிக்கா, அமேசான் பக்கம். இங்க வந்தது 1990கள்ல. கண்ணாடித் தொட்டியில வளக்குறவன், தூண்டி போடுறவன், ரெண்டு பேரு கையாலயும் வந்து லம்பத்துல எறங்குச்சு. எறங்குனது சும்மா இருக்குமா? பனாமா நாட்டுல காதூன்னு ஒரு பெரிய ஏரி இருக்கு. 1967 வாக்குல யாரோ குளத்துல வளத்த இதே மீனு வெள்ளத்துல தப்பிச்சு அந்த ஏரிக்கு வந்துருச்சு. 1973ல ரெண்டு ஆராய்ச்சிக்காரங்க எழுதுனாங்க, ஏரியில சாதாரணமாக் கெடந்த உள்ளூர் மீனுல முக்காவாசிச் சாதி அது போன எடத்துலயெல்லாம் காலின்னு. சின்ன மீனு போனதும் அதைத் தின்னு பொழைச்ச பறவை கொறைஞ்சுச்சு. கொசுப் புழுவைத் தின்ன ஆளில்ல, கொசு பெருகியிருக்கும்னும் சந்தேகப்பட்டாங்க. ஒரு மீனு எறங்குனதுக்கு இத்தனை.

அதுக்கு நீ முத்தம் குடுக்குற. நம்ம ஊரு மீனுக்கு என்னா குடுக்குற? அதையும் சொல்றேன் கேளு.

தோமான் தெரியும்ல? விராலுக்கு அண்ணன் முறை. அது குஞ்சு பொரிச்சா வுட்டுட்டுப் போகாது. ஆயிரக்கணக்குல செக்கச்செவேல்னு பொடிக் குஞ்சுங்க ஒரே பந்தாச் சேந்து திரியும். விராலு சாதி மேல வந்து காத்துக் குடிக்கணும், குஞ்சுக்கும் அதே பொழப்புதான். அதனால அந்தச் செவப்புப் பந்து நிமிசத்துக்கொரு வாட்டி மேல வரும். வரும்போது அந்த எடத்துல மட்டும் தூறல் போட்டாப்புல தண்ணி பொடிப்பொடியாத் துள்ளும். அப்புறம் உள்ள போயிரும். கொஞ்சம் தள்ளி மறுபடி தூறும். அதுக்கு நேர் கீழ ஆத்தாளும் அப்பனும் காவலு நிக்கும். எது கிட்ட வந்தாலும் பாஞ்சு கடிக்கும். நீந்துற மனுசனையே கடிச்சிருக்கு.

இது தூண்டிக்காரனுக்கும் தெரியும். அவன் கயாக்குல சத்தமில்லாம மிதிச்சுக்கிட்டுப் போயி, அந்தத் தூறலைத் தேடுறான். கண்டதும் ரப்பர் தவளைய அதுக்கு மேலயே வீசி, குஞ்சுக்கு நடுவுல இழுக்குறான். ஆத்தாக்காரி என்னா பண்ணுவா? தவளை தின்னவா வர்றா? அவ வயிறு அவளுக்கு ஞாபகம் இருக்குமா? புள்ளய முழுங்க வந்தவன்னு நெனச்சு வாயால அடிக்கிறா. மாட்டிக்கிறா. "ஸ்ட்ரைக்!"ன்னு இவன் கத்துறது அந்தக் கரை வரைக்கும் கேக்குது. இழுத்து, வலையில அள்ளி, அளவுப் பலகையில படுக்க வச்சு, இந்தப் பக்கம் ஒரு படம், அந்தப் பக்கம் ஒரு படம், கூட்டாளிய வரச் சொல்லி வீடியோ. அதுக்குள்ள காத்து தள்ளுன கயாக்கு எங்கயோ போயிருச்சு. அங்கதான் அவளைத் தண்ணியில வுடுறான். "கேட்ச் அண்ட் ரிலீஸ் தாத்தா, மீனுக்கு ஒன்னும் ஆகல."

மீனுக்கு ஆகல. புள்ளைங்களுக்கு? கெண்டையிலேருந்து உன் ராஜா வரைக்கும் எல்லாருக்கும் விருந்து ஆச்சேடா. குஞ்சில்லாத ஒரு தோமானைத் தின்னிருந்தா ஒன்னுதான் போயிருக்கும்.

அந்தப் பெரியவரு புடிச்ச ரெண்டு விராலையும், நீ "புடிக்காம" வுட்ட ஒரு தோமானையும் தராசுல வச்சுப் பாரு. கணக்கு உனக்கே வரும், நீ காலேஜு படிச்ச புள்ள. நானும் தோமானே புடிக்காதன்னு சொல்லல. குஞ்சு பந்து தெரிஞ்சா தவளையச் சுருட்டிப் பையில போடு, வேற பக்கம் மிதி. அவ்ளோதான். இதுக்கு எத்திக்ஸ் எதுக்கு, பொம்பளை பெத்த புள்ளைக்குக் கூச்சம் இருந்தாப் போதும்.

இந்தக் கேட்ச் அண்ட் ரிலீஸ், வெள்ளைக்காரன் சொல்லிக் குடுத்ததும்பியே. வெள்ளைக்காரன் என்னா பண்ணான்னு தெரியுமா? உன் ராஜா இல்ல, லார்ஜ்மவுத் பாஸுன்னு அவங்க ஊரு மீனு, அதுல ஒலகத்துப் பெரிசு எது? 1932ல ஜூன் 2ஆம் தேதி, அமெரிக்காவுல ஜார்ஜியா மாநிலத்துல ஜார்ஜ் பெர்ரின்னு ஒரு வெவசாயப் பையன், ஓட்டைப் படகு ஒன்னுல போயி புடிச்சான். பத்து கிலோ. அப்ப அங்கயும் பஞ்ச காலம். நிறுத்துப் பேரைப் பதிஞ்சுட்டு வீட்டுக்குக் கொண்டு போனான். ஆத்தா கையில குடுத்தான். வறுத்துச் சாப்புட்டாங்க! இன்னைக்கு வரைக்கும் அந்தச் சாதனைய யாரும் தாண்டல. 2009ல ஜப்பான்ல பிவா ஏரியில குரிதான்னு ஒருத்தரு ஒரு பொடி எடை கூடப் புடிச்சாரு, ஆனா அந்த வித்தியாசம் பத்தாதுன்னு ரெண்டு பேரையும் சமமா வச்சுட்டாங்க.

அந்த பிவா ஏரிக் கதை இன்னும் நல்லாருக்கும். அந்தப் பாஸு ஜப்பானுக்கு வந்தேறிதான். 1925ல ஒரு பணக்காரரு அமெரிக்காவுலேருந்து கப்பல்ல கொண்டாந்து ஆஷி ஏரியில வுட்டாரு. அது பரவிப் பரவி உள்ளூர் மீனைத் தின்னு தீக்க, 2003லேருந்து பிவா ஏரி இருக்குற ஷிகா மாநிலத்துல பாஸைப் புடிச்சா திரும்பத் தண்ணியில வுடக் கூடாதுன்னு சட்டம். புடிச்ச மீனைப் போட கரையில பெட்டி வச்சிருக்கான். ஜெர்மனிக்குப் போனா வேற நியாயம். தக்க காரணமில்லாம உசுரை வதைக்கக் கூடாதுன்னு அங்க சட்டம், அதனால சாப்புடுற நெனப்பே இல்லாம, வுடுறதுக்குன்னே மீனு புடிச்சா கோர்ட்டுக்குக் கூப்புடுவான். அமெரிக்காவுல ரே ஸ்காட்டுன்னு ஒருத்தரு 1968ல பாஸு சங்கம் ஆரம்பிச்சு, 1972லேருந்து போட்டியில புடிச்ச மீனைச் சாவடிக்காம வுடணும்னாரு. அது அவங்க ஊரு மீனு, அவங்க ஊரு ஏரி, நூத்துக்கணக்கான பேரு ஒரே நாள்ல எறங்குற போட்டி. அந்த எடத்துக்கு அது சரி. அவன் சட்டைய வாங்குன மாதிரி அவன் நியாயத்தையும் அப்படியே வாங்கி மாட்டிக்கிட்டா, இடுப்புல நிக்குமா?

போட்டின்னதும் ஞாபகம் வருது. 2022ல அமெரிக்காவுல ஈரி ஏரியில ஒரு போட்டி. ஜெயிச்ச ரெண்டு பேரோட மீனு பாக்கச் சின்னது, எடை மட்டும் கனக்குது. நடத்துனவரு சந்தேகப்பட்டுக் கத்திய வச்சு வயித்தைக் கிழிச்சாரு. உள்ள ஈயக் குண்டு! நாங்க இங்க ஈயத்துக்கு மண்ணைத் தோண்டுனோம், அவங்க மீனைத் தோண்ட வேண்டியதாப் போச்சு. பத்து நாளு ஜெயிலு. உங்க கயாக்குப் போட்டியில எடை இல்ல, பலகையில வச்சு நீளம் அளந்து படம் அனுப்பணும்ங்கிறியா? சரி. வாலை இழுத்துப் பிடிக்காம இருந்தாச் சரி.

சரிடா, மூஞ்சிய அப்படி வச்சுக்காத. வுடவே கூடாதுன்னு நான் எப்ப சொன்னேன்? நம்ம ஊரு மீனு, சின்னது, முட்டையோட இருக்கு, இல்ல உனக்குத் தேவையில்ல, வுடு. நல்லது. ஆனா வுடுறவன் ஒழுங்கா வுடணும். மொதல்ல கையை நனை. மீனு மேல வழவழன்னு இருக்கே, அது அழுக்கில்ல, அதுக்குத் தோலுக்கு மேல தோலு. காஞ்ச கையால பிடிச்சா உரிஞ்சு வந்துரும், அப்புறம் பூஞ்சை பிடிக்கும். உதட்டுல கிடுக்கிய மாட்டித் தொங்கவுட்டு ஆட்டாத, வயித்துக்கு அடியில ஒரு கை குடு. பன்னெண்டு மணி வெயில்ல கயாக்குப் பிளாஸ்டிக்கு மேல படுக்கப் போடாத, கை வச்சுப் பாரு எப்படிச் சுடுதுன்னு. மீனை மேல தூக்குறப்போ நீயும் மூச்சைப் பிடி. உனக்கு மூச்சு முட்டுறப்போ அதுக்கும் முட்டுதுன்னு வச்சுக்க. தோமானும் விராலும் காத்துக் குடிக்கிற சாதி, கொஞ்சம் தாங்கும். செபாராவ் மீனு தாங்காது. முள்ளு தொண்டைக்குள்ள போயிருந்தா நோண்டாத, நரம்பை அறுத்துவுடு. அறுத்த நரம்பைச் சுருட்டி சட்டைப் பையில போடு. கரையில எறிஞ்சா கொக்கு காலுல சுத்திக்கும்.

கரண்டு வச்சு, வெசம் வச்சு மீனு புடிக்கிறவனைப் பத்தி நான் பேசவே மாட்டேன். 1985 மீன்வளச் சட்டத்துலயே அது குத்தம். நம்பர எடுத்துப் போலீசுக்கு அடி. அவ்ளோதான்.

நம்ம நாட்டுல புத்தியோட ஒரு ஏற்பாடு பாக்கணும்னா சபாவுக்குப் போ. டாகால்னு ஒரு முறை. கிராமத்தாளுங்களே ஆத்தைப் பகுதி பகுதியாப் பிரிச்சு, இங்க யாரும் கை வைக்கக் கூடாது, இங்க நாள் பாத்துத்தான் புடிக்கணும்னு கட்டுப்பாடு போட்டு வச்சிருக்காங்க. மீறுனா தண்டம். தெறக்குற நாளு வந்தா ஊரே எறங்கிப் புடிச்சுப் பங்கு போட்டுத் திங்கும். அந்தக் காடு மேட்டு ஆளுங்ககிட்ட எதிரொலி டிவி இல்ல. கெலா மீனு கால்ல வந்து மோதுது.

இங்க நம்ம லங்காட் ஆத்துல என்னா மோதுது? பண்டாராயா மீனு. தொட்டி கண்ணாடியில பாசி நக்க வாங்குன பய, பெருசானதும் ஆத்துல வுட்டுட்டான். முதுகெல்லாம் ஓடு, பூனை கூட மோந்து பாத்துட்டுப் போயிரும். கரையைக் கொடைஞ்சு கொடைஞ்சு முட்டை வைக்குது. அதைப் புடிக்கன்னே சனி ஞாயித்துல வலையத் தூக்கிக்கிட்டு ஆத்துல எறங்குற வாலிபப் புள்ளைங்க இருக்காங்க. மூட்டை மூட்டையாப் புடிச்சு ஒரமாக்குறாங்க. சேத்துல கழுத்து வரைக்கும் நிக்கிறதால படத்துக்கு நல்லா இருக்காது. அதுக்குப் போறியா? உன் ஆறு தூண்டியும் வேணாம், சும்மா வா போதும்னு சொல்வாங்க.

அடுத்த வாட்டி ராஜா மாட்டுனா எனக்கு ஒரு போன் போடு. எந்தத் தண்ணின்னு கேப்பேன். ஃபேக்டரி பக்கத்து லம்பம்னா திங்கிற யோசனை வேணாம், சில பழைய லம்பத்துத் தண்ணியில ஆர்சனிக் இருக்குன்னு படிச்சவங்க சோதிச்சுச் சொல்லியிருக்காங்க. கொண்டாந்து வாழை மரத்துக்கு அடியில பொதைச்சுரு. நல்ல தண்ணின்னா அங்கயே குடலை எடுத்துட்டு, ஐஸ் பெட்டியில போட்டுக் கொண்டா. ஐஸ் பெட்டி வாங்கலியா? அத்தன ஆயிரத்துக்குச் சாமான் வாங்கி ஐஸ் பெட்டி வாங்கல! சரி, என்னோடத எடுத்துட்டுப் போ. வெள்ளைச் சதை, முள்ளு கம்மி, புளி கொஞ்சம் தூக்கலா வச்சா நல்லாருக்கும். தலை எனக்கு. நடுத்துண்டு உங்க அம்மாவுக்கு. படத்தை நீயே வச்சுக்க.